ஊருக்குள் ஒன்றுமில்லை, நெடுஞ்சாலையில் மட்டும் இன்ஜின் ஹீட் ஆகுது: ரேடியேட்டரை மாத்துறதுக்கு முன்னாடி எதைப் பார்க்கணும்?

சேலம்_பைபாஸ்

வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல், 1,15,000 கி.மீ. ஓடியிருக்கு. டிராஃபிக்கில் எவ்வளவு நேரம் நின்னாலும் டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்குது, ஃபேன் ஒழுங்கா போட்டு அணைக்குது. ஹைவேயில் 80 வரை பிரச்சனை இல்லை. 100, 110-ல் ஏசியோட கால் மணி நேரம் தொடர்ந்து போனா முள் முக்காலுக்கு ஏறுது. சேலத்திலிருந்து தருமபுரி போற தொப்பூர் ஏற்றத்தில் சிவப்பை ஒட்டி வந்துடுது. ஏசியை அணைச்சு 70-க்குக் குறைச்சா ரெண்டு மூணு நிமிஷத்தில் இறங்கிடும். கூலன்ட் குறையலை.

ஃபேன் ரிலே மாத்தியாச்சு, கூலன்ட் மாத்தியாச்சு. பட்டறையில் தெர்மோஸ்டாட் வால்வையும் (சூடு ஏறினதும் ரேடியேட்டருக்குத் தண்ணியைத் திறந்து விடுறது) கழட்டிட்டாங்க. அதுக்கப்புறம் கொஞ்சம் கூடுதலாவே ஏறுது. இப்போ ரேடியேட்டரை மாத்தச் சொல்றாங்க. மாத்திடலாமா?

ரேடியேட்டர்_பட்டறை

அவசரப்படாதீங்க. நீங்க சொன்ன அறிகுறியிலேயே பாதி விடை இருக்கு.

ஊருக்குள்ள நிக்கும்போது ஹீட் ஆனா ஃபேன், ஃபேன் மோட்டார், ரிலே, சென்சர்னு தேடணும். 60-க்கு மேல வண்டி ஓடும்போது எதிர்க்காத்தே ரேடியேட்டருக்குப் போதும், ஃபேனுக்கு அங்க வேலையே இல்லை. அதனால ஃபேன் ரிலே மாத்தினது இந்தக் கம்ப்ளைன்டுக்குச் சம்பந்தமில்லாத செலவு.

வேகம் கூடும்போது மட்டும் ஏன்? 80-லிருந்து 110-க்குப் போனா காத்தைக் கிழிச்சுப் போக வேண்டிய சக்தி 2.6 மடங்கு ஆகுது, ஏன்னா அது வேகத்தோட மும்மடியில் ஏறும். ரேடியேட்டர் மேல அடிக்கிற காத்து 1.4 மடங்குகூட ஏறாது. இன்ஜின் உண்டாக்குற சூடு ரெண்டு மடங்கை நெருங்குது, அதைத் தூக்கிட்டுப் போறது அந்த அளவுக்கு ஏறலை. கூலிங் சிஸ்டத்தில் எங்கயாவது முப்பது நாப்பது சதவீதம் அடைப்போ தளர்வோ இருந்தா ஊருக்குள்ள தெரியவே தெரியாது. ஹைவேயில்தான் வெளியே வரும்.

அடுத்தது ரொம்ப முக்கியம்: அந்தத் தெர்மோஸ்டாட்டை உடனே திரும்பப் போடுங்க. "வால்வைக் கழட்டினா தண்ணி தாராளமா ஓடும்"னு நம்ம ஊர்ல பல பேர் செய்யறாங்க. நிறைய இன்ஜின்ல தெர்மோஸ்டாட்டுக்கு ரெண்டு தட்டு இருக்கும். மேல்தட்டு ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போது கீழ்த்தட்டு பைபாஸ் வழியை மூடும். கழட்டிட்டா பைபாஸ் நிரந்தரமா திறந்தே கிடக்கும். தண்ணி சுலபமான வழியில்தான் போகும், அதாவது ரேடியேட்டருக்குள்ள போகாம இன்ஜினுக்குள்ளயே சுத்தும். லோடு ஏறும்போது ஹீட் கூடும். உங்களுக்குக் கூடினதும் அதனாலதான் இருக்கும்.

கே_டைப்_வயர்

மேலே சொன்னதோட சேர்த்து: டாஷ்போர்டு முள்ளை வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. பெரும்பாலான கார்ல முள் 75 டிகிரியிலிருந்து 100, 105 வரை நடுவிலேயே நிற்கிற மாதிரிதான் அமைச்சிருப்பாங்க. முள் நகர ஆரம்பிச்சிட்டாலே சூடு ஏற்கெனவே எல்லை தாண்டிடுச்சுன்னு அர்த்தம்.

ஒரு ப்ளூடூத் ஓபிடி டாங்கிள் (வண்டியோட டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் செருகுற சின்னக் கருவி) போதும், போன் ஆப்பில் கூலன்ட் டெம்பரேச்சர் நேரா டிகிரியில் வரும். அதோட லாங் டெர்ம் ஃபியூயல் டிரிம் (இன்ஜின் எரிபொருளைத் தானே எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்குதுங்கிற எண்), இன்ஜின் லோடு ரெண்டையும் திரையில் வச்சுக்குங்க. போனைப் பார்க்கிறது பக்கத்தில் உட்கார்ந்தவர் வேலை.

அடுத்து ரேடியேட்டர் ஹோஸ் ரெண்டிலும் சூடு அளக்கணும். மல்டிமீட்டரோட வர்ற கே டைப் புரோப் (சூடு அளக்கிற வயர்) ரெண்டு வாங்கி, ஒன்னை மேல் ஹோஸ் மேலயும் இன்னொன்னைக் கீழ் ஹோஸ் மேலயும் கேபிள் டை போட்டு இறுக்குங்க. புரோப் நுனி மேல ஒரு துண்டு ஃபோம் வச்சு டேப் சுத்தணும், இல்லன்னா எதிர்க்காத்துச் சூட்டைத்தான் காட்டும். வயரை ஃபேன், பெல்ட் பக்கம் போகாம பானட் ஓரமா உள்ளே இழுத்துக்கலாம். தொடாம சூடு அளக்கிற லேசர் கன் வச்சும் பார்க்கலாம், ஆனா வண்டியை நிறுத்தின அரை நிமிஷத்தில் ரீடிங் மாறிடும். பளபளப்பான அலுமினியத்து மேல கன் காட்டினா உண்மையைவிட ரொம்பக் குறைவாக் காட்டும். கருப்பு ரப்பர் மேலதான் காட்டணும்.

80-லயும் 110-லயும் சீரா ஓட்டி, மூணு எண் எழுதிட்டு வாங்க: ஓபிடி, மேல் ஹோஸ், கீழ் ஹோஸ். அதை வச்சு காத்துப் பிரச்சனையா, தண்ணி ஓட்டப் பிரச்சனையான்னு பிரிச்சிடலாம்.

மதுரை_மைலேஜ்

இப்போ பங்கில் வர்றது எல்லாம் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தானே. பழைய வண்டிக்கு மிக்ஸ்சர் லீன் ஆகி (காத்துக்கு ஏத்த எரிபொருள் குறைஞ்சு) ஹீட் ஆகுதுன்னு எல்லாரும் சொல்றாங்க. அதுவா இருக்குமா?

கே_டைப்_வயர்

இந்த அறிகுறிக்கு அது முதல் சந்தேகம் இல்லை. ஒரு பங்கு சுத்த பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காத்து வேணும், 10 சதவீதக் கலப்புக்கு 14.1, 20-க்கு சுமார் 13.5. பத்திலிருந்து இருபதுக்கு மாறினா நாலைஞ்சு சதவீதம் எரிபொருள் கூடுதலா ஊத்தணும், அவ்வளவுதான். ஆக்சிஜன் சென்சர் உள்ள இன்ஜின் அதைத் தானே சரிபண்ணிக்கும். டிரிம் எண்ணைப் பாருங்க. +5 சுற்றி இருந்தா விட்டுடுங்க. +12, +15-னு நின்னா எத்தனாலைத் திட்டாம ஃபியூயல் ஃபில்டர், பம்ப் பிரஷர், காத்தை அளக்கிற மாஸ் ஏர்ஃப்ளோ சென்சர், வேக்யூம் லீக்குன்னு தேடணும். அப்போ லோடில் உண்மையிலேயே லீனா ஓடும், எக்ஸாஸ்ட் சூடு ஏறும்.

சேலம்_பைபாஸ்

தெர்மோஸ்டாட் போடுறதுக்கு முன்னாடி எடுத்த ரீடிங், வெளியே வெயில் 37 டிகிரி, ஏசி ஆன்:

80-ல் ஓபிடி 93, மேல் ஹோஸ் 91, கீழ் ஹோஸ் 72.
110-ல் ஓபிடி 109, மேல் 107, கீழ் 74.
டிரிம் +4.

ரேடியேட்டர் முன்னாடி இருக்கிற ஏசி கண்டென்சர்ல கொஞ்சம் பூச்சி ஒட்டியிருக்கு, வேற அழுக்கு தெரியலை.

ரேடியேட்டர்_பட்டறை

இந்த எண்கள் தெளிவாப் பேசுது. 110-ல் மேலுக்கும் கீழுக்கும் 33 டிகிரி வித்தியாசம். சரியான சிஸ்டத்தில், லோடில், தெர்மோஸ்டாட் முழுக்கத் திறந்த நிலையில் இது 6-லிருந்து 12-க்குள்ள இருக்கணும்.

கணக்கு போட்டுப் பாருங்க. இந்த சைஸ் இன்ஜின் 110-ல் ஏறக்குறைய 20 கிலோவாட் சூட்டைக் கூலன்ட்டுக்குள்ள தள்ளும். ஒரு லிட்டர் 50-50 கூலன்ட் ஒரு டிகிரிக்குச் சுமார் 3.7 கிலோஜூல் எடுத்துக்கும். 20 கிலோவாட்டை 33 டிகிரி இறக்கிக் கழிக்கிறதுன்னா ரேடியேட்டருக்குள்ள நிமிஷத்துக்குப் 10 லிட்டர்தான் ஓடுது. 110-ல் போற ஆர்.பி.எம்.முக்கு அதைப்போல நாலஞ்சு மடங்கு ஓடணும்.

அதாவது உள்ளே வர்ற கொஞ்சத் தண்ணியை ரேடியேட்டர் நல்லாவே குளிர வைக்குது. காத்து வருது, ஃபின் வேலை செய்யுது. தண்ணிதான் வரலை.

இதுவே 108 / 104-னு ரெண்டு ஹோஸும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்திருந்தா கதை வேற. அப்போ தண்ணி ஓடுது, சூடு வெளியேறலை. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் மண்ணும் பஞ்சும் அடைஞ்சிருக்கும், வெளியிலிருந்து பார்த்தா தெரியாது. இல்லன்னா ஆக்சிடென்ட் வேலைக்கப்புறம் ரேடியேட்டர் ரெண்டு பக்கத்து ஃபோம் தடுப்பு போடாம விட்டிருப்பாங்க, காத்து பக்கவாட்டில் ஓடிடும். ஸ்பீட் பிரேக்கரில் இடிச்சு முன் பம்பருக்குக் கீழே இருக்கிற பிளாஸ்டிக் தடுப்பு போயிருந்தாலும் ஹைவேயில் மட்டும் ஹீட் ஆகும். அந்தத் தடுப்பு இருந்தாத்தான் இன்ஜின் அறைக்குக் கீழே அழுத்தம் குறைஞ்சு, ரேடியேட்டர் வழியா காத்து இழுபடும். பலர் அதை அலங்காரம்னு நினைச்சுத் திரும்ப மாட்டுறதில்லை.

உங்க வண்டிக்கு இப்போ நாலே நாலு சந்தேகம்: தெர்மோஸ்டாட் இல்லாததால பைபாஸ், கீழ் ஹோஸ் சுருங்குறது, வாட்டர் பம்ப் இம்பெல்லர் (தண்ணியைத் தள்ளுற சக்கரம்), ரேடியேட்டர் குழாய் உள்ளடைப்பு. வால்வைக் கழட்டுறதுக்கு முன்னாடியே ஹீட் ஆச்சுன்னு சொன்னீங்க, அதனால பைபாஸ் ஒன்னு மட்டும் காரணமா இருக்க முடியாது.

பழைய_டீசல்

தெர்மோஸ்டாட் புதுசு வாங்கினாலும் மாட்டுறதுக்கு முன்னாடி அடுப்பில் வச்சுப் பாருங்க. பாத்திரத்தில் தண்ணி ஊத்தி, வால்வை நூல்ல கட்டித் தொங்க விடணும், அடியில் படக்கூடாது. தெர்மாமீட்டரும் தொங்கட்டும். வால்வு மேல 82-ன்னு போட்டிருந்தா 80-லிருந்து 84-க்குள்ள திறக்க ஆரம்பிக்கணும். அதுக்கு மேல 10, 12 டிகிரிக்குள்ள முழுசாத் திறக்கணும், வால்வு தட்டு சுமார் 8 மி.மீ. தூக்கும். பாதி திறந்து நின்னுடுற வால்வுதான் ஹைவே ஹீட்டுக்குப் பழகின காரணம், ஊருக்குள்ள அந்தப் பாதி போதுமா இருக்கும். மாட்டும்போது சின்ன ஆட்டப் பின், அதாவது ஜிகிள் வால்வு, மேல் பக்கம் வரணும். கீழே வச்சா காத்து மாட்டிக்கும்.

பம்ப்_பெல்ட்

கீழ் ஹோஸைப் பத்திச் சொல்றேன், இதை நிறைய பேர் பார்க்கிறதே இல்லை.

கீழ் ஹோஸ் பம்ப்போட உறிஞ்சு பக்கம். ஐடிலில் உறிஞ்சல் கம்மி, ஹோஸ் உருண்டையா இருக்கும். 3000 ஆர்.பி.எம். தாண்டினதும் பழைய மெத்துன ரப்பர் உள்பக்கமா ஒட்டிக்கும். சில ஹோஸுக்குள்ள ஸ்பிரிங் இருக்கும், கூலன்ட் இல்லாம வெறும் தண்ணி ஊத்தி ஓட்டின வண்டியில் அது துருப்பிடிச்சுக் கரைஞ்சிருக்கும். சோதனை: இன்ஜின் முழுச் சூடு, ரேடியேட்டர் மூடி போட்டிருக்கணும், நியூட்ரலில் ஹேண்ட்பிரேக் போட்டு ஒருத்தர் 3500-ல் பிடிக்கணும், நீங்க டார்ச் அடிச்சு ஹோஸோட வளைவைப் பாருங்க. கையை உள்ளே விடாதீங்க, ஃபேன் எப்போ வேணா சுத்தும். வளைவு தட்டையாச்சுன்னா பிடிபட்டுது.

ஆனா ஒரு எச்சரிக்கை. ஹோஸ் சுருங்குறது நோயாவும் இருக்கலாம், அறிகுறியாவும் இருக்கலாம். ரேடியேட்டர் உள்ளே அடைச்சிருந்தா பம்ப் கேக்குற தண்ணி வராது, உறிஞ்சல் கூடி நல்ல ஹோஸைக்கூட ஒடுக்கிடும். மூடியோட அழுத்த வால்வு பிடிக்கலைன்னாலும் அப்படித்தான், சிஸ்டத்தில் அழுத்தமே இல்லாம ஹோஸ் சீக்கிரம் ஒட்டும். அதனால ஹோஸ் மாத்தினதோட நிறுத்தாதீங்க. வண்டி ஆறினதுக்கு அப்புறம் ஹோஸ் சப்பையாக் கிடந்தா அது வேற விஷயம், மூடியோட சின்ன வேக்யூம் வால்வு திறக்கலைன்னு அர்த்தம்.

பம்ப்: இரும்புத் தகடு இம்பெல்லர் துருப்பிடிச்சு பிளேடு தேய்ஞ்சிருக்கும். பிளாஸ்டிக் இம்பெல்லர் விரிசல் விட்டு ஷாஃப்ட்டில் வழுக்கும். ரெண்டிலும் வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது, சத்தமும் வராது. டைமிங் பெல்ட்டில் ஓடுற பம்ப்புன்னா பெல்ட் மாத்தும்போதே பம்ப்பையும் மாத்துறது புத்திசாலித்தனம், கூலி ஒன்னுதான்.

கே_டைப்_வயர்

ரேடியேட்டர் உள்ளடைப்புக்கு லேசர் கன்னே போதும். இன்ஜின் சூடா ஐடிலில் இருக்கும்போது ரேடியேட்டர் முகத்தைக் கட்டம் கட்டமா அளங்க. முன்னாடி கண்டென்சர் மறைக்கும், அதனால இன்ஜின் பக்கமிருந்து, ஃபேன் கவர் இடைவெளி வழியா. தண்ணி நுழையிற பக்கத்திலிருந்து வெளியேறுற பக்கம் வரை சூடு படிப்படியா குறையணும். நடுவில் ஒரு பட்டை மட்டும் திடீர்னு 20 டிகிரி குறைஞ்சிருந்தா அந்தக் குழாய்கள் செத்துப் போச்சு.

சேலம்_பைபாஸ்

82 டிகிரி தெர்மோஸ்டாட் அடுப்பில் சோதிச்சுப் போட்டாச்சு. 110-ல் இப்போ ஓபிடி 103, மேல் 101, கீழ் 77. முன்னேற்றம் இருக்கு, ஆனா 24 டிகிரி வித்தியாசம் இன்னும் இருக்கு.

3500-ல் கீழ் ஹோஸ் வளைவு நல்லாவே தட்டையாகுது. ரேடியேட்டரில் மேல் பாதி 88-லிருந்து 80 வரை, கீழ் மூணில் ஒரு பங்கு 52-தான் காட்டுது. பழைய கூலன்ட்டை இறக்கினப்போ அடியில் பழுப்பு நிறத்தில் சேறு மாதிரி வந்துது. முந்தைய ஓனர் லீக் அடைக்கிற பவுடர் போட்டிருப்பார் போல.

ரேடியேட்டர்_பட்டறை

அப்போ ரேடியேட்டர்தான், ஹோஸ் அதோட விளைவு. உங்க பட்டறைக்காரர் சொன்ன பாகம் சரியாப் போச்சு. ஆனா வால்வைக் கழட்டி வச்சுட்டு ரேடியேட்டரை மட்டும் மாத்தியிருந்தா பைபாஸ் பிரச்சனை அப்படியே நின்னிருக்கும்.

லீக் அடைக்கிற பவுடர், மஞ்சள் தூள் எல்லாமே வழியில் நின்ன வண்டியை வீடு சேர்க்கத்தான். ஓட்டையை அடைக்கிற அதே பொருள் 2 மி.மீ.கூட இல்லாத குழாய்களையும் அடைக்கும். வேகம் குறைவா ஓடுற கீழ்க் குழாய்களில்தான் முதல்ல படியும், உங்க கீழ்ப் பங்கு குளிர்ந்து கிடக்கிறது அதனாலதான்.

ஃப்ளஷ் பண்ணிப் பார்க்கலாமான்னு அடுத்து கேட்பீங்க. சுண்ணாம்புப் படிவு மட்டும்னா அலுமினியத்துக்கு ஏத்த ரேடியேட்டர் கிளீனர் ஓரளவு எடுக்கும். போர் தண்ணி ஊத்தி ஓட்டின வண்டியெல்லாம் அந்த வகை. கெட்டிப்பட்ட பவுடர் கரையாது. பழைய பித்தளை ரேடியேட்டர்னா தொட்டியைப் பிரிச்சு கம்பி விட்டுக் குத்தி எடுப்போம், திரும்பப் பத்த வைப்போம். பிளாஸ்டிக் தொட்டி மடிச்சுப் பிடிச்ச அலுமினியத்தில் அந்த வேலை நிலைக்காது. மாத்திடுங்க. கூடவே கீழ் ஹோஸ், மூடி. மூடியில் 0.9 இல்ல 1.1-னு பார் அளவு அச்சடிச்சிருக்கும், அதே அளவுதான் வாங்கணும். அழுத்தம் இருந்தாத்தான் 50-50 கூலன்ட் 125 தாண்டிக் கொதிக்கும். மூடி பிடிக்கலைன்னா 107-லயே கொதிச்சிடும்.

புது ரேடியேட்டரை மாட்டுறதுக்கு முன்னாடி இன்ஜின் பிளாக்கையும் ஹீட்டர் கோரையும் (கேபின் ஹீட்டரோட சின்ன ரேடியேட்டர்) தெளிவான தண்ணி வர்ற வரை எதிர்த்திசையில் அலசணும். இல்லன்னா உள்ளே மிச்சமிருக்கிற சேறு புதுசை அடைச்சிடும். இந்த ஒரு படியை விட்டுட்டுத்தான் பல பேர் அடுத்த கோடையில் திரும்ப வர்றாங்க.

பழைய_டீசல்

சிவப்பு வரைக்கும் போன வண்டி, அதனால ஹெட் கேஸ்கெட்டையும் (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற அடைப்பு) ஒரு தடவை பார்த்துடுங்க. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணின ஒரு நிமிஷத்துக்குள்ள மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகினா சந்தேகம். ராத்திரி முழுக்க நின்ன வண்டியில் காலையில் மூடி திறக்கும்போது புஸ்ஸுனு காத்து வந்தாலும் சந்தேகம். நீலத் திரவம் ஊத்துற லீக் டெஸ்டர் பட்டறையில் இருக்கும். கூலன்ட் பாட்டில் மேலிருந்து வர்ற ஆவியை அதுக்குள்ள இழுக்கும்போது பெட்ரோல் வண்டியில் நீலம் மஞ்சளானா எரிஞ்ச வாயு கூலன்ட்டுக்குள்ள வருது. சின்ன லீக் லோடில் மட்டும் திறக்கும், அதனால ஐடிலில் பார்த்துட்டு விடாதீங்க, 2500-ல் கொஞ்ச நேரம் பிடிச்சுப் பாருங்க.

மதுரை_மைலேஜ்

இடையில் ஒரு கேள்வி. டீசல் எஸ்யூவி, பெல்ட்டில் ஓடுற பெரிய ஃபேன். சமதளத்தில் 110-ல் சரியா இருக்கு, ஆள் நிறைய ஏத்திக்கிட்டு மலையேறும்போது மட்டும் ஹீட் ஆகுது. இதுக்கும் ஃபேன் சம்பந்தமில்லையா?

பம்ப்_பெல்ட்

இங்க சம்பந்தம் இருக்கு. மலையில் வேகம் 30, 40, இன்ஜின் முழு லோடு, எதிர்க்காத்து இல்லை. அப்போ ஃபேன்தான் எல்லாம். நடுவில் இருக்கிற விஸ்கஸ் கிளட்ச்சை (சூடு ஏறினா ஃபேனை இறுக்கிப் பிடிச்சுச் சுத்த வைக்கிறது) பாருங்க. ஹீட் ஆன நிலையில் இன்ஜினை அணைச்சு, சாவியை எடுத்துட்டு, ஃபேனைக் கையால் சுத்துங்க. கெட்டியா, ஒரு சுத்துக்குள்ள நிக்கணும். தாராளமா மூணு நாலு சுத்து சுத்தினா உள்ளே இருக்கிற சிலிக்கோன் ஆயில் ஒழுகிடுச்சு, கிளட்ச் பிடிக்கலை. நடுவட்டத்தைச் சுத்தி எண்ணெய்ப் பிசுக்கில் தூசி அப்பியிருந்தா அதுவும் அதே அடையாளம்.

கே_டைப்_வயர்

@சேலம்_பைபாஸ், கூலன்ட் நிரப்பும்போது காத்து எடுக்கிறதைச் சரியாச் செய்யுங்க. கான்சென்ட்ரேட் வாங்கினா டிஸ்டில்டு வாட்டர் சரிபாதி, ரெடிமிக்ஸ்னா அப்படியே. நிறத்தை நம்பாதீங்க, வண்டிக் கையேட்டில் இருக்கிற வகைதான். வேற வகைகளைக் கலந்தா குழகுழன்னு படிஞ்சு புது ரேடியேட்டரையும் கெடுக்கும். முன் சக்கரத்தைச் சரிவில் ஏத்தி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வச்சு, மெதுவா ஊத்துங்க. ப்ளீட் ஸ்குரூ (காத்தை வெளியேத்துற திருகு) இருந்தா குமிழி இல்லாம தண்ணி வர்ற வரை திறந்திருக்கட்டும். ஃபேன் ரெண்டு தடவை போட்டு அணைச்சதும் மேல், கீழ் ஹோஸ் ரெண்டும் சூடா இருக்கணும், உள்ளே ஹீட்டரில் சூடான காத்து வரணும். ஹீட்டர் காத்து விட்டு விட்டுக் குளிர்ந்தா இன்னும் காத்து மாட்டியிருக்கு. மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் பாட்டில் அளவைப் பார்த்து நிரப்புங்க.

சேலம்_பைபாஸ்

ரேடியேட்டர், கீழ் ஹோஸ், 1.1 பார் மூடி மாத்தியாச்சு, பிளாக்கை அலசியாச்சு. பம்ப் இம்பெல்லர் தெர்மோஸ்டாட் வாய் வழியா தெரிஞ்ச வரைக்கும் முழுசா இருக்கு. நீலத் திரவம் நிறம் மாறலை. 110-ல் ஏசியோட, வெளியே 38 டிகிரி: ஓபிடி 92, மேல் 90, கீழ் 81. தொப்பூர் ஏற்றத்தில் அதிகபட்சம் 96.

ரேடியேட்டர்_பட்டறை

9 டிகிரி வித்தியாசம், சரியான இடம். புரோப்பை உடனே கழட்டிடாதீங்க, கொஞ்ச நாள் ஓட்டிப் பாருங்க. வித்தியாசம் திரும்ப 15-ஐத் தாண்டினா பிளாக்கிலிருந்து சேறு இறங்குதுன்னு எடுத்துக்கிட்டு இன்னொரு தடவை அலசி, கூலன்ட் மாத்திடுங்க.